நெஸ்கூச்னி வேலியோரம்

மாஸ்க்வா நதியின் வலது கரை, நெஸ்கூச்னி தோட்டத்துப் பக்கம் நல்ல மேடு. மேலே லெனின்ஸ்கி புராஸ்பெக்டில் அந்த நாட்களில் டிராலிபஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. கதவைக் கடந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால் அந்த இரைச்சல் பின்தங்கிவிடும். லிண்டன், மேப்பிள், ஓக் மரங்கள். தரை நதியை நோக்கிச் சரியும். சரிவை அறுத்துக்கொண்டு பள்ளங்கள், அவற்றின்மேல் பழைய கல்பாலங்கள், பாலத்தடியில் இடுப்பளவுக்குச் செந்தட்டி. நம் கரிசல் காட்டுச் செந்தட்டி இல்லை அது. ஆனால் கை பட்டால் அதே எரிச்சல், அதே தடிப்பு. இன்னும் கீழே இறங்கினால் கரையோரச் சாலை, அகலமான நீர், எதிர்க்கரையில் ஃபுருன்ஸே பெயர் கொண்ட கரையின் உயரமான வீடுகள்.

1984 முதல் 1990 வரை மாஸ்கோவில் படித்தேன். அந்தப் பெரிய நகரத்தில் எனக்கென்று ஓர் இடம் இருந்ததென்றால் அது இந்தத் தோட்டம்தான். சிவப்புச் சதுக்கத்தை எல்லோரும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நெஸ்கூச்னிக்குள் நான் ஒரு கதையோடு போனேன், கதையோடுதான் திரும்பினேன். ரஷ்ய எழுத்தாளர் துர்கேனிவின் 'முதல் காதல்'.

தோட்டத்தின் பூர்வீகம் பெரிய இடத்துப் பூர்வீகம். சுரங்கங்களால் செல்வம் சேர்த்த தெமீதோவ் குடும்பத்தைச் சேர்ந்த புரகோபி தெமீதோவ் 1756-இல் இங்கே மாளிகை எழுப்பினார். நதிச் சரிவைப் படிப்படியாக வெட்டி அரிய செடிகளைக் கொண்டுவந்து வைத்தார். அக்கம்பக்கத்து நிலங்கள் வேறு பிரபு வம்சங்களிடம் இருந்தன. ஒர்லோவ் குடும்பத்தின் கைக்குப் போய், பிறகு ஜார் முதலாம் நிக்கலாய் எல்லாவற்றையும் வாங்கி ஒன்றாக்கினார். பின்னாளில் கோர்க்கியின் பெயர் பெற்ற பூங்கா 1928-இல் திறந்தபோது நெஸ்கூச்னியும் அதன் பகுதியானது. நான் போன காலத்தில் பழைய மாளிகையில் அறிவியல் கழகம் இருந்தது. பெஞ்சுகளில் ஓய்வு பெற்ற கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். குளிர்காலத்தில் அதே பாதைகளில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு பிள்ளைகள் போவார்கள்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சி போடும்போதெல்லாம் கெட்டி அட்டை போட்ட சோவியத் புத்தகங்கள் அள்ளிக்கொள்ளும் விலையில் கிடைக்கும். அதைப் படித்துப் படித்தே ரஷ்யா எனக்குப் பழகியிருந்தது. மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் பிள்ளைகளுக்காக 1960-இல் தொடங்கி, பாத்ரிஸ் லுமும்பாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் அது. முதல் வருஷம் முழுக்க மொழிப்பாடம்தான். பிறகு நான் இயற்பியல் படித்த கட்டடம் ஓர்ஜோனிகித்ஸே தெருவில் இருந்தது. அங்கிருந்து நெஸ்கூச்னிக்குக் காலாற நடந்தே வந்துவிடலாம்.

எங்கள் ரஷ்ய ஆசிரியை ஐம்பதைத் தாண்டியவர். 1985 மே மாதக் கடைசியில் ஒருநாள், வகுப்பறையில் உட்கார்ந்து படிக்கிற கதை இல்லை இது என்று சொல்லி எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். லைலாக் பூத்திருந்தது. நுழைவாயில் அருகே மஞ்சள் பீப்பாய் வண்டியில் க்வாஸ் விற்றார்கள். சின்ன மக் 3 கோபெக். புளித்த ரொட்டி வாசமும் லேசான இனிப்புமாக இருக்கும். ஆளுக்கொரு மக் குடித்துவிட்டு, வெளிநாட்டு மாணவர்களுக்காக எளிமைப்படுத்தி அழுத்தக்குறிகள் இட்டு அச்சிட்ட மெல்லிய புத்தகத்தைப் பிரித்தோம். எத்தியோப்பியாக்காரன் ஒருவன், வியட்நாம்காரன் ஒருவன், பெரு நாட்டிலிருந்து வந்த பெண், யேமன்காரர்கள், நான்.

கதை ஒரு விருந்து முடிந்த இரவில் தொடங்குகிறது. மற்ற விருந்தாளிகள் போய்விட்டார்கள். மூன்று ஆண்கள் மட்டும் மிச்சம். ஆளுக்கொரு முதல் காதலைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஒருவருக்கு முதல் காதலே கிடையாது, இரண்டாவதிலிருந்துதான் தொடங்கினாராம். வீட்டுக்காரருக்குப் பெற்றோர் பேசி முடித்த கல்யாணம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாமவர், நாற்பது வயது விளாதிமிர் பெத்ரோவிச், எனக்கு வாயால் சொல்ல வராது, எழுதிக்கொண்டு வருகிறேன் என்கிறார். கூச்சக்காரன் நாற்பது வயதிலும் கூச்சக்காரனாகவே இருப்பதைத் துர்கேனிவ் அங்கேயே காட்டிவிடுகிறார்.

அவர் எழுதிவந்தது 1833-ஆம் வருஷக் கோடையின் கதை. அப்போது அவனுக்குப் பதினாறு. வொலோத்யா. பெற்றோர் நெஸ்கூச்னிக்கு எதிரே, கலூகா சுங்கவாசல் பக்கத்தில், தூண்கள் வைத்த மரவீடு ஒன்றைக் கோடைக்காக வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று பேர். கையில் துப்பாக்கியோடு தோட்டத்தில் காக்கை விரட்டுவதுதான் வேலை. அங்கே காக்கைகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். தலையும் சிறகும் கறுப்பு, உடம்பு சாம்பல். ஒரு மாலை வேலிக்கு அப்பால் பார்க்கிறான். கோடு போட்ட ரோஜா நிற உடையில், தலையில் வெள்ளைக் கைக்குட்டை கட்டிய உயரமான பெண். அவளைச் சுற்றி நாலு வாலிபர்கள். தட்டினால் டப்பென்று வெடிக்கும் சாம்பல் நிறச் சிறு பூக்களால் அவள் ஒவ்வொருவர் நெற்றியிலும் தட்டுகிறாள். அவர்கள் மகிழ்ச்சியாக நெற்றியை நீட்டுகிறார்கள். பையன் கையிலிருந்து துப்பாக்கி நழுவிப் புல்லில் விழுகிறது. யாரோ அதட்டுகிறார்கள், அவள் சிரிக்கிறாள், அவன் ஓடிப்போய்ப் படுக்கையில் விழுந்து முகத்தை மூடிக்கொள்கிறான்.

கலூகா சுங்கவாசல் இருந்த சதுக்கத்துக்கு 1968-இல் ககாரின் சதுக்கம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். 1980-இல் அங்கே டைட்டானியத்தில் ககாரின் சிலை எழுந்தது. பீடத்தோடு நாற்பது மீட்டருக்கு மேல். சிலையைச் சுற்றிப் பெரிய பெரிய கட்டடங்கள். மரவீடு இல்லை, வேலி இல்லை. அந்த மே மாதத்தில் ஆசிரியை கையை நீட்டி, 'ஏறத்தாழ அந்தப் பக்கம்' என்று சொன்னபோது நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அங்கே பேக்கரி வாசலில் ஒரு பாட்டி ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஏமாற்றம் இல்லை. வீடு போய்விட்டது, சரிவும் பள்ளமும் செந்தட்டியும் காக்கைகளும் இருந்தன. ஒரு கதையைப் பிடித்துவைக்க அவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

அந்த மரவீட்டின் இரண்டு பக்கமும் தாழ்வான சின்னக் கட்டடங்கள். வலப்பக்கத்ததில் ஸசேக்கினா என்ற ஏழைச் சீமாட்டி, அவள் மகள் ஸினயீதா. அவளுக்கு இருபத்தொரு வயது. இடப்பக்கத்ததில் மலிவான சுவர்க்காகிதம் அச்சடிக்கும் பட்டறை. மெலிந்து கன்னம் ஒட்டிய பையன்கள், எண்ணெய்ப் பிசுக்கேறிய அங்கியோடு, மர நெம்புகோல்கள்மேல் குதித்துக் குதித்துத் தங்கள் உடம்பின் கனத்தாலேயே அச்சை அழுத்துகிறார்கள். துர்கேனிவ் இதற்குச் சில வரிகள்தான் ஒதுக்குகிறார். பிறகு அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ்களில் இருட்டுவதற்குள் இத்தனை கட்டை என்று கணக்கு வைத்துக் குச்சி அடுக்கிய பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். கதையை எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். வொலோத்யா வயதுதான் அவர்களுக்கும். காதலிக்கவும் கவிதை படிக்கவும் காக்கை விரட்டவும் ஒருவனுக்கு ஒரு கோடை முழுதும் கிடைக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் குதிக்கிறவனுக்கு அது கிடையாது. இதைத் துர்கேனிவ் மேலே சொல்லவில்லை. ஆனால் பார்த்திருக்கிறார், எழுதி வைத்திருக்கிறார்.

பதினாறு வயதுக் கூச்சத்தை இவ்வளவு நெருங்கி எழுதியவர்கள் குறைவு. வொலோத்யாவின் சட்டையிலிருந்தே தொடங்குகிறது அது. வீட்டில் அவன் இன்னும் சின்னப் பையன்கள் போடும் குட்டைச் சட்டைதான் போட வேண்டும்; அவனுக்கு அது பிடிக்காது. சீமாட்டி வீட்டுக்குப் போக முதல்முறையாக நீளக் கோட்டும் புது டையும் அணிகிறான். அவர்கள் பதிலுக்கு விருந்துக்கு வரும்போது அம்மா மறுபடி குட்டைச் சட்டையைப் போடச் சொல்கிறாள். நீ இன்னும் கல்லூரி மாணவன் ஆகிவிடவில்லை என்கிறாள். அன்று இரவு சரியாக எட்டு மணிக்கு முடியை மேலே சீவி, கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பெண் வீட்டுப் பக்கம் போவதற்குமுன் ஒரு சட்டைக்காக வீட்டில் போராடாத பையன் எந்த ஊரிலும் இருந்திருக்க முடியாது.

அவள் சிவப்புக் கம்பளி நூல் சிட்டத்தை அவன் இரண்டு கைகளிலும் மாட்டி, உருண்டையாகச் சுற்றுவாள். கை இரண்டையும் முன்னால் நீட்டி அவன் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அப்போதுதான்; ஆனால் கை கட்டுண்டு கிடக்கிறது. அந்த ஒரு காட்சியில் முழுக் கதையும் இருக்கிறது.

அவளைச் சுற்றி வருகிறவர்கள் எல்லோரும் இவனைவிடப் பெரியவர்கள்: குதிரைப்படைக்காரன் பெலோவ்சோரோவ், கவிஞன் மைதானோவ், கிண்டல்கார மருத்துவர் லூஷின், ஓய்வு பெற்ற கேப்டன், வழுக்கி வழுக்கிப் பேசும் மலெவ்ஸ்கி பிரபு. அவர்களோடு சீட்டுக் குலுக்கி ஆடும் விளையாட்டில் அவள் கையை முத்தமிடும் சீட்டு இவனுக்கு விழுகிறது. மண்டியிடுகிறான், கண்ணை மூடுகிறான், அவள் நகம் இவன் மூக்கு நுனியைக் கீறிவிடுகிறது. இன்னொரு நாள் பன்னிரண்டு வயதுத் தம்பி வந்திருக்கிறான், அவன் பேரும் வொலோத்யாதான், அவனைப் பார்த்துக்கொள் என்று ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். அவளுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கிறவனுக்கு அவள் கொடுக்கும் வேலை, குட்டிப் பையனுக்கு ஊதல் செய்துகொடுப்பது! அவன் செய்துகொடுக்கிறான். இடிந்த கண்ணாடிக்குடிலின் உயரச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, என்னை நிஜமாகவே விரும்பினால் குதி என்று விளையாட்டாகச் சொல்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் குதித்துவிடுகிறான். நினைவு தப்பிக் கிடந்தவன் முகத்தில் அவள் முத்தமிடுகிறாள். எழுந்து உட்காரும்போது கையெல்லாம் செந்தட்டி எரிச்சல். அந்த வரியை வாசித்தபோது பாலத்தடிப் பக்கம் என் கண் தானாகப் போனது.

அன்று ஆசிரியை எங்களையும் அந்த மூன்று விருந்தாளிகளாக்கினார். ஆளுக்கொரு முதல் காதல், ரஷ்ய மொழியில். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு வருஷத்து வார்த்தைகள். அலங்காரம் செய்ய வழியில்லை. எத்தியோப்பியாக்காரன் தேவாலயத்தில் பாடிய பெண்ணைப் பற்றிச் சொன்னான். வியட்நாம்காரன், அவள் ஊர் மாறிப் போய்விட்டாள் என்று ஒரு வாக்கியத்தில் முடித்தான். யாரும் மேலே கேட்கவில்லை. நான் கோவில்பட்டி ட்யூஷனில் முன் பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணைச் சொன்னேன். என்னிடம் கோனார் நோட்ஸ் வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது ஓரங்களில் அவள் பென்சிலால் போட்ட சின்னச் சின்ன டிக் குறிகள் இருந்தன. நான் அவற்றை அழிக்கவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது, நான் சொன்னதும் அவ்வளவுதான். தமிழில் சொல்லியிருந்தால் இன்னும் நாலு சேர்த்திருப்பேன். ஆசிரியை தலையசைத்து, 'நல்ல கதை, அடுத்தவர்' என்றார்.

புத்தகத்தின் பாதியில் ஸினயீதா மாறுகிறாள். யாரையோ காதலிக்கிறாள், யாரென்று தெரியவில்லை. எங்கள் வகுப்பில் சிலர் மருத்துவர் என்றோம், சிலர் மலெவ்ஸ்கி என்றோம். பெரு நாட்டுப் பெண் மட்டும் பக்கத்தைத் திருப்பாமலேயே சொன்னாள்: 'அப்பா.' எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யேமன்காரர்கள் சங்கடத்தோடு நெளிந்தார்கள். எனக்கும் வாய் எழவில்லை. அவள் சொன்னது சரி. புதிதாக வாங்கிய பேனாக்கத்தியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, போட்டிக்காரனைப் பிடிப்பதற்காக இரவில் தோட்டத்தில் காத்திருக்கிறான் வொலோத்யா. போர்வையாய் அங்கியைச் சுற்றிக்கொண்டு இருட்டில் வருகிறவர் அவனுடைய அப்பா. கத்தி புல்லில் விழுகிறது. அதைத் தேடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

காதல் கதை என்று படிக்கத் தொடங்கி, பாதியில் இது அப்பாவும் பிள்ளையுமான கதை என்று தெரிந்துகொண்டது எனக்கு அங்கேதான். அந்த அப்பா அழகானவர், நிதானமானவர், தன்னைவிடப் பத்து வயது மூத்த பெண்ணைச் சொத்துக்காகக் கட்டிக்கொண்டவர். மகனைத் திட்டுவதில்லை, அணைப்பதுமில்லை. எப்போதாவது ஒரு கணம் பிரியம் காட்டிவிட்டு உடனே விலகிவிடுவார். மகன் அந்த ஒரு கணத்துக்காகவே காத்திருப்பான். இதைப் படிக்கத் தமிழ்ப் பையனுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

கடைசிக்கு முந்தைய காட்சி நடக்கும் இடத்துக்கு நெஸ்கூச்னியிலிருந்தே நடந்து போகலாம். இதை நான் மூன்றாம் வருஷம், எளிமைப்படுத்தாத பதிப்பைப் படிக்கும்போதுதான் கண்டுபிடித்தேன். ஊருக்குள் திரும்பிவிட்ட பிறகு ஒருநாள் அப்பாவும் மகனும் குதிரையில் போகிறார்கள். நதியைக் கடந்து, கிரிம்ஸ்கி துறைப் பக்கம் வந்ததும் அப்பா திடீரென்று திரும்பிக் கரையோரமாகக் குதிரையை விடுகிறார். அடுக்கி வைத்த மரக்கட்டைகள் பக்கத்தில் மகனை நிறுத்தி, குதிரைகளைப் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் போகிறார். வெகுநேரம் வரவில்லை. மகன் தேடிப் போகிறான். சின்ன மரவீட்டு ஜன்னலோரம் அப்பா நிற்கிறார், உள்ளே ஸினயீதா. ஏதோ வாக்குவாதம். அப்பா குதிரைச் சவுக்கால் அவள் வெறுங்கையில் அடிக்கிறார். அவள் கத்தவில்லை, சிவந்த தடிப்பை வாயருகே கொண்டுபோய் முத்தமிடுகிறாள். அப்பா சவுக்கை வீசிவிட்டு வீட்டுக்குள் ஓடுகிறார். பிறகு திரும்பி வரும்போது சவுக்கு எங்கே விழுந்தது என்று மகன் கேட்க, விழவில்லை, எறிந்துவிட்டேன் என்கிறார்.

அந்தத் துறை இருந்த இடத்தில்தான் இப்போது 1938-இல் கட்டிய கிரிம்ஸ்கி தொங்குபாலம் இருக்கிறது. ககாரின் சதுக்கத்திலிருந்து தோட்டத்துக்குள் இறங்கி, கரையோரமாக நிதானமாக நடந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பூ வெடித்த வேலிப் பக்கத்திலிருந்து சவுக்கு விழுந்த சந்துப் பக்கம் வரை. ஜூன் மாதம் என்றால் பாப்ளர் மரங்களின் பஞ்சு பறந்து பாதையோரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். இருட்டவும் செய்யாது, ஒன்பது மணிக்கும் நல்ல வெளிச்சம். ஒரு பையன் ஆளாவதற்கு எடுத்துக்கொண்ட கோடையை ஒரு மாலையில் நடந்து கடந்துவிடலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. விடுதித் தோழர்களை எல்லாம் கட்டாயப்படுத்தி அந்த வழியில் அழைத்துப் போயிருக்கிறேன்.

சவுக்கடிக் காட்சிக்காகப் பெரு நாட்டுப் பெண் மிகவும் கோபப்பட்டாள். அடித்தவனை விட்டுவிட்டு, அடியை முத்தமிட்டவளைக் காதலின் சிகரம் என்று கொண்டாடுகிறீர்களா என்று கேட்டாள். அவள் கோபம் நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் துர்கேனிவ் அதைக் கொண்டாடவில்லை. சந்து முனையில் மறைந்து நிற்கும் பையனின் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ அதை மட்டும் எழுதுகிறார். தன்னுடைய பெருமூச்சும் விழிப்பும் கண்ணீரும் இதற்கு முன் சிறுபிள்ளைத்தனம் என்று அவனுக்குப் படுகிறது. பெரியவர்களுடைய காதல் என்பது தனக்குப் பேர் தெரியாத, பயமூட்டும் வேறொன்று என்று படுகிறது. பதினாறு வயதுக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்குமேல் எழுதியிருந்தால் பொய்.

இதெல்லாம் துர்கேனிவ் வீட்டில் நடந்ததுதான். 1818-இல் பிறந்தவர், 1833 கோடையில் அவருக்குப் பதினைந்துகூட நிறையவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பக்கத்து வீட்டில் இருந்தவர் யெக்கத்தெரீனா ஷாகவ்ஸ்கயா என்ற இளம் கவிஞர். அவரைத்தான் பையன் விரும்பினான். அவர் விரும்பியது பையனுடைய அப்பாவை. அப்பா 1834-இலேயே இறந்துபோனார். ஷாகவ்ஸ்கயா வேறொருவரை மணந்து, பிள்ளை பெற்ற சில நாளில் 1836-இல் இறந்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1860-இல் துர்கேனிவ் இதை எழுதினார். தான் எழுதியவற்றில் தனக்கு மிகவும் பிரியமானது இதுதான் என்று கடைசிவரை சொல்லிவந்தார். வெளிவந்த காலத்தில், அப்பாவும் மகனும் ஒரே பெண்ணையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பதிப்புகளுக்காக, கதையைக் கேட்ட அந்த இரண்டு நண்பர்களும் நீதி பேசுவதுபோல ஒரு வாலை ஒட்டவைத்தார்; ரஷ்யப் பதிப்பில் அது கிடையாது. இல்லாமல் இருப்பதுதான் அழகு.

எங்கள் ஊருக்குப் பக்கத்து எட்டயபுரத்துப் பாரதியும் 1910-இல் தன் வாழ்க்கையைக் கவிதையாக எழுதியபோது, பத்து வயதில் ஒன்பது வயதுப் பெண்மீது கொண்ட பிள்ளைக் காதலை மறைக்காமல் வைத்தார். அதே கவிதையில் அப்பாவும் வருகிறார், அவர் அனுப்பிவைத்த ஆங்கிலப் படிப்பும் வருகிறது. முதல் காதலைச் சொல்லத் தொடங்குகிறவன் அப்பாவைத் தொடாமல் சொல்ல முடியாதுபோல.

எனக்கு ஊரிலிருந்து வரும் நீல ஏரோகிராம்களை நெஸ்கூச்னி பெஞ்சில் வைத்துத்தான் பிரிப்பேன். அப்பாவின் கையெழுத்து கணக்கு நோட்டுக் கையெழுத்து. நெருக்கி நெருக்கி எழுதி மூன்று மடிப்பையும் நிரப்பிவிடுவார். மழை இல்லை. பருத்தி போன வருஷம்போல இல்லை. தங்கை பரீட்சை எழுதியிருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள். வொலோத்யாவின் அப்பா செத்துப்போகும் நாளில் மகனுக்கு ஒரு கடிதம் தொடங்குகிறார், பெண்ணின் காதலைக் குறித்து அஞ்சச் சொல்லி. முடிக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அப்பாவின் ஏரோகிராமை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மழை, பருத்தி, பரீட்சை. இவருக்கும் ஒரு பதினாறு வயது இருந்திருக்குமே என்று முதல்முறையாக நினைத்தேன். அதுவரை அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே இல்லை.

படிப்பு முடிந்து வந்து வெகுகாலம் கழித்து ஒரு வேலையாக மாஸ்கோ போனபோது நெஸ்கூச்னிக்குப் போனேன். ககாரின் சதுக்கத்துக்குக் கீழே மூன்றாவது வளையச் சாலையின் சுரங்கப்பாதை. ராட்டினங்களை எல்லாம் எடுத்துவிட்டு 2011-இல் கோர்க்கி பூங்காவைப் புதுப்பித்திருந்தார்கள். சைக்கிள் பாதைகள், காபிக் கடைகள். ஒஸ்தோஷென்கா தெருவில் துர்கேனிவின் அம்மா இருந்த மரவீடு இப்போது அவருக்கான அருங்காட்சியகம். எல்லாம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. நெஸ்கூச்னியின் உள்பாதைகளில் மட்டும் பெரிய மாற்றமில்லை. ஒரு பெஞ்சில் பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ சொல்ல முயன்று, சொல்லாமல், அணிலுக்குச் சூரியகாந்தி விதை போட்டுக்கொண்டிருந்தான். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். கடந்து போகும்போது நடையை விரைவாக்கிக்கொண்டேன், அவனுக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது.

1987 கோடையில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, ஒரு ராத்திரி கரண்ட் இல்லாமல் அப்பாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். இயற்பியலைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன். வேலி, நூல் சிட்டம், சுவர், கத்தி, சவுக்கு, ஒன்றையும் விடவில்லை. அப்பா என்ற பாத்திரம் வந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கியது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

'ஏய்யா, அந்தப் பையன் அவுக அப்பாவ வெறுக்கலையா?'

'இல்லப்பா. முன்னவிட அவர் பெரிய ஆளாத் தெரிஞ்சாருங்கிறான். கடைசில வயசான ஒரு ஏழைப் பொம்பள சாகும்போது பக்கத்துல நிக்கான். அப்போ அந்தப் பொண்ணுக்காகவும் அப்பாவுக்காகவும் தனக்காகவும் சேத்து சாமி கும்பிடணும்னு தோணுதாம்.'

'ம்' என்றார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், 'எனக்கு அப்ப பதினேழு இருக்கும்' என்று தொடங்கினார். தாத்தா கடையில் சைக்கிளில் சரக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவர் வேலை. எட்டயபுரம் ரோட்டில் ஒரு வீடு. அந்த வீட்டுச் சீட்டு வந்தால் மட்டும் சீனிப் பொட்டலத்தில் ஒரு கை கூடப் போடுவாராம். மாசக்கடைசியில் தாத்தா கணக்குப் பார்த்து, சீனி எங்கே போகிறது என்று கேட்டுத் திட்டியிருக்கிறார். அந்தப் பெண் ஒருதரம்கூட வாசலுக்கு வந்து வாங்கியதில்லை. அவள் அம்மாதான் வாங்குவாள். ஆனால் உள்ளே கொலுசுச் சத்தம் கேட்கும், கேட்டுவிட்டு வந்துவிடுவார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. 'எட்டயபுரம் ரோடு இல்ல, புதுரோடு. முக்குல வேப்பமரம் நிக்கிற வீடு. ரெண்டு பேரும் சாப்பிட வாங்க.'